வடதுருவத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? அமுண்ட்சென் படுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் போய்த் துருவக் கடல்களைப் பற்றிப் பேசி வருகிறேன். கையில் ஒரு உலக உருண்டையும் கொஞ்சம் படங்களும் இருக்கும். பேசி முடித்ததும் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அதில் வியப்பும் இல்லை. உருண்டையை எடுத்துப் பாருங்கள், உச்சியில் அச்சைப் பிடித்திருக்கும் திருகு சரியாக இந்த இடத்தைத்தான் மூடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பார்க்க முடியாத இடம் அது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"வடதுருவத்துல தரை இருக்கா, இல்ல வெறும் பனிதானா?"

தரை இருக்கிறது. ஆனால் பனிக்கு நேர் கீழே இல்லை. துருவத்தில் நீங்கள் நின்றால் காலடியில் இருப்பது மிதக்கும் கடல்பனி. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தடிமன். அதற்குக் கீழே நாலு கிலோமீட்டருக்கும் அதிகமாக உப்புத் தண்ணீர். அதற்கும் அடியில்தான் கடல்தரை. அந்தத் தரை இருக்கும் பெரிய பள்ளத்தின் பெயர்தான் அமுண்ட்சென் படுகை.

தென்துருவம் இதற்கு நேர்மாறு. அங்கே இருப்பது ஒரு கண்டம், அதன் மேல் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான பனி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. வடதுருவத்தில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், கம்பம் பனியோடு சேர்ந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கலாம். துருவம் நகரவில்லை. பனிதான் நகர்ந்திருக்கிறது.

"படுகைன்னா ஆறு ஓடணுமே? காவிரிப் படுகை மாதிரி?"

இதைக் கேட்ட ஏழாம் வகுப்பு மாணவிக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன். நாம் அன்றாடம் படுகை என்பது ஆறு பாயும் நிலப்பரப்பை. கடலியலில் அதே சொல்லைச் சுற்றிலும் மேடு, நடுவே அகன்ற ஆழமான பள்ளம் என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உயர்ந்து, உள்ளே தட்டையாக இருக்கும்.

அமுண்ட்சென் படுகைக்கு ஒரு பக்கம் லொமொனோசொவ் மலைத்தொடர், மறுபக்கம் கக்கெல் மலைத்தொடர். இரண்டுமே நீருக்குள் மூழ்கியவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் நீளம். கக்கெலுக்கு அந்தப் பக்கம், ஐரோப்பாவை ஒட்டி இருப்பது நான்சென் படுகை. இந்த இரண்டு படுகைகளையும் சேர்த்து யுரேசியப் படுகை என்பார்கள். லொமொனோசொவுக்கு அப்பால் கனடா, அலாஸ்கா பக்கம் இருப்பது வேறொரு பெரிய பள்ளம்.

"அமுண்ட்சென் தென்துருவத்துக்குத்தானே போனார்? அவர் பேர் ஏன் வடக்குல?"

ரோல்ட் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்தவர் என்பது பாடப்புத்தகத்தில் வந்துவிடுகிறது. அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி வடக்கில் கழிந்தது என்பது வருவதில்லை. 1926 மே 12 அன்று 'நார்கே' என்ற வான்கப்பலில் வடதுருவத்தின் மேலாகப் பறந்தவர்களில் அவர் ஒருவர். 1928-இல் வடக்கே விபத்தில் சிக்கிய இன்னொரு வான்கப்பல் குழுவைத் தேடிப் போனவர் திரும்பவே இல்லை. அந்தக் குழுவின் தலைவர் உம்பெர்த்தோ நோபிலே, அமுண்ட்செனோடு மனத்தாங்கல் கொண்டிருந்தவர். அப்படியிருந்தும் அமுண்ட்சென் தேடப் போனார். அவர் பெயர் இந்தக் கடலில் நிலைப்பது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமுண்ட்சென் கடல் என்பது அண்டார்க்டிகாவில் இருக்கிறது. அமுண்ட்சென் வளைகுடா கனடாவில் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு இடங்கள். பழைய வரைபடங்களில் நம் படுகைக்கு ஃபிராம் படுகை என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரின் கதை கீழே வருகிறது.

"உலகத்துலேயே இதுதான் ஆழமான இடமா?"

இல்லை. பசிபிக்கில் இருக்கும் மரியானா அகழி ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழம். அமுண்ட்சென் படுகையின் தரை சுமார் 4,400 மீட்டரில் இருக்கிறது. ஆர்க்டிக்கிலேயே மிக ஆழமான புள்ளி கிரீன்லாந்துக்கும் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கும் இடையில் உள்ள மொலாய் பள்ளம், சுமார் 5,550 மீட்டர். ஆனால் அது ஒரு குழி போன்றது. அகன்று தட்டையாக விரிந்த ஆழ்கடல் சமவெளி என்று பார்த்தால் ஆர்க்டிக்கில் அமுண்ட்சென் படுகைதான் மிக ஆழமானது.

ஆர்க்டிக் பெருங்கடலின் பரப்பில் ஏறக்குறைய பாதி, கண்டங்களின் கரையை ஒட்டிக் கடலுக்குள் நீளும் ஆழமற்ற திட்டுகள். சராசரி ஆழமே சுமார் 1,200 மீட்டர்தான். அப்படிப்பட்ட கடலின் நடுவில் நாலு கிலோமீட்டர் பள்ளம் இருக்கும் என்று 130 வருடங்களுக்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மேல பூரா பனி. அப்புறம் எப்படி ஆழத்தை அளந்தாங்க?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1881-இல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அதன் பொருட்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. பனி துருவத்தைத் தாண்டி நகர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நினைத்தார் ஃபிரிச்சோஃப் நான்சென் என்ற நார்வேக்காரர். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பிவிடும்படி, வயிறு உருண்ட ஒரு மரக்கப்பலைக் கட்டினார். அதன் பெயர் ஃபிராம். 1893 செப்டம்பரில் அதை வேண்டுமென்றே பனிக்குள் சிக்கவைத்தார். 1896 ஆகஸ்டில் அது ஸ்வால்பார்டு அருகே பனியை விட்டு வெளியே வந்தது.

புறப்படும்போது நான்சென் போட்ட கணக்கு ஒன்றுதான் பெரிய அளவில் தவறியது. இந்தக் கடல் ஆழமற்றது என்று நினைத்து, ஆழம் பார்க்கும் கயிற்றைக் குறைவாகவே கொண்டு போயிருந்தார். கயிறு முழுவதையும் விட்டும் அடி தட்டவில்லை. கடைக்குப் போய் வாங்க முடியாத இடம். கப்பலில் இருந்த எஃகு வடம் ஒன்றைப் பலிகொடுத்தார்கள். உறைபனிக் குளிரில் அதன் புரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கி, நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான புதிய வடத்தைத் தாங்களே திரித்தார்கள். அதை இறக்கியபோது 3,300 முதல் 3,900 மீட்டர் வரை ஆழம் கிடைத்தது. தேங்காய்நார்க் கயிறு திரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த வேலை எத்தகையது என்பது புரியும். அங்கே நாருக்குப் பதில் எஃகு, அதுவும் கையுறை போட்ட விரல்களோடு.

அப்புறம் 1937 மே 21 அன்று சோவியத் ஒன்றியத்தின் நாலு பேர் துருவத்துக்கு அருகே பனியில் விமானத்தில் இறங்கினார்கள். இவான் பாபானின் தலைமையில் 'வடதுருவம்-1' என்ற மிதக்கும் நிலையம் அது. கையால் சுற்றும் வின்ச்சில் கம்பியை இறக்கி 4,290 மீட்டர் என்று அளந்தார்கள். 274 நாள் பனியோடு மிதந்து கிரீன்லாந்துக் கரையோரம் வரை வந்தபோதுதான் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. 1958 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸ் பனிக்கு அடியிலேயே துருவத்தைக் கடந்தது. அது ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்டு ஆழம் பார்த்தது. இன்றும் பனியுடைப்புக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் ஒலியைத்தான் நம்பியிருக்கின்றன. செயற்கைக்கோள் பனியையும் ஈர்ப்பு விசையையும் பார்க்கும். ஆனால் நாலு கிலோமீட்டர் தண்ணீரைத் துளைத்துத் தரையைப் பார்க்க அதால் முடியாது.

"ஒரு புத்தகத்துல 4,087ன்னு இருக்கு, இன்னொண்ணுல 4,261ன்னு இருக்கு. எது சரி?"

இரண்டும் துருவத்தில் உண்மையாக அளந்த ஆழங்கள்தான். நாட்டிலஸ் எடுத்தது 13,410 அடி, அதாவது 4,087 மீட்டர். 2007-இல் ரஷ்யாவின் மீர்-1 என்ற ஆழ்கடல் ஊர்தி தரையையே தொட்டபோது காட்டியது 4,261 மீட்டர். பாபானின் குழுவின் எண்ணை முந்தைய பதிலில் பார்த்தீர்கள்.

வேறுபாட்டுக்குக் காரணங்கள் உண்டு. எதிரொலி வைத்து அளப்பவர் தண்ணீரில் ஒலியின் வேகம் இவ்வளவு என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பும் வெப்பமும் அழுத்தமும் மாறினால் அந்த வேகம் மாறும். கம்பி வைத்து அளந்தால் நீரோட்டத்தில் கம்பி சாயும், நீளம் கூடுதலாகத் தெரியும். அதோடு எல்லோரும் ஒரே புள்ளியில் நின்று அளக்கவும் இல்லை. பரீட்சைக்கு ஒரு எண் வேண்டும் என்றால் 'சுமார் 4,200 மீட்டர்' என்று எழுதச் சொல்லுவேன். அதில் தவறு காண முடியாது.

"அடியில தரை எப்படி இருக்கும்? பாறையா, மணலா?"

சேறு. மெல்லிய, மிருதுவான, பழுப்பு நிறச் சேறு. பல கோடி வருடங்களாகப் படிந்த வண்டல் அடியில் இருக்கும் மேடு பள்ளங்களை எல்லாம் மூடி, தரையைத் தட்டையாக்கிவிட்டது. துருவத்தில் இறங்கிய மீர் ஊர்தியின் படங்களில் தெரிவதும் அந்தச் சேற்றுச் சமவெளிதான்.

பக்கத்து நான்சென் படுகை இதைவிட ஆழம் குறைவு. காரணம் எளிது. பேரண்ட்ஸ், காரா கடல்களின் திட்டுகளிலிருந்து சரியும் வண்டல் முதலில் நான்செனில் விழுகிறது. கக்கெல் மலைத்தொடர் வரப்புபோல நடுவே நிற்பதால் அமுண்ட்செனுக்கு அந்தப் பக்கத்து வண்டல் குறைவாகவே வருகிறது. குறைவாக நிரம்பிய பள்ளம் ஆழமாக இருக்கிறது.

"இந்தப் பள்ளம் எப்படி உண்டாச்சு?"

நிலம் பிளந்து விலகியதால். லொமொனோசொவ் மலைத்தொடர் ஒரு காலத்தில் பேரண்ட்ஸ்-காரா திட்டின் விளிம்பாக, யுரேசியக் கண்டத்தோடு ஒட்டியிருந்தது. சுமார் 5 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன் அந்த விளிம்பு பிய்ந்து நகரத் தொடங்கியது. விலகிய இடைவெளியில் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு வந்து உறைந்து புதிய கடல்தரை ஆனது. பிளவு இன்னும் திறந்துகொண்டிருக்கும் கோடுதான் கக்கெல். ஆக, லொமொனோசொவ் ஒரு கண்டத்தின் துண்டு, கக்கெல் ஒரு எரிமலைத் தையல். இரண்டையும் 'கடலடி மலை' என்று ஒரே பெயரில் சொன்னாலும் பிறப்பு வேறு.

கக்கெல் உலகத்திலேயே மிக மெதுவாக விரியும் பிளவு. கிரீன்லாந்துப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 13 மில்லிமீட்டர், சைபீரியப் பக்கம் அதில் பாதி. நம் நகம் அதைவிட வேகமாக வளரும்.

"பனிக்கு அடியில எரிமலையா? அப்ப பனி உருகுறதுக்கு அதுதானே காரணம்?"

எரிமலை உண்மை. காரணம் அது இல்லை. 1999-இல் கக்கெலின் ஒரு பகுதியில் மாதக்கணக்கில் நிலநடுக்கங்கள் பதிவாயின. 2001-இல் ஹீலி, போலார்ஸ்டெர்ன் என்ற இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் போய்ப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகமாக வெந்நீர் ஊற்றுகளின் தடயங்கள் கிடைத்தன. 2007-இல் 'ஓடன்' கப்பலில் போன குழு, நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் எரிமலைச் சாம்பலும் உடைந்த கண்ணாடித் துகள்களும் படிந்திருப்பதைக் கண்டது. அந்த அழுத்தத்தில் எரிமலை வெடித்துச் சிதறாது என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் வெப்பக் கணக்கைப் பாருங்கள். ஊற்றிலிருந்து வரும் வெந்நீர் சில நூறு மீட்டர் உயர்வதற்குள் சுற்றியுள்ள குளிர்ந்த நீரோடு கலந்து ஆறிவிடுகிறது. அதற்கும் மேலே ஏறினாலும் அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் நீரடுக்குகள் குறுக்கே நிற்கின்றன. பனி குறைவதற்குக் காரணம் மேலே இருக்கிறது. காற்று சூடாகிறது, அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர் சூடாகிறது. இந்த எரிமலைச் செய்தி வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு ஒரு தடவையாவது சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

"தண்ணி 4 டிகிரியில கனமா இருக்கும், அதனால அடியில 4 டிகிரின்னு டீச்சர் சொன்னாங்க. இங்கயும் அப்படியா?"

குளத்துக்கும் ஏரிக்கும் டீச்சர் சொன்னது சரி. கடலுக்குப் பொருந்தாது. உப்பு ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்குக்கு மேல் போனால், தண்ணீர் உறையும் வரை கனம் கூடிக்கொண்டேதான் போகும். 4 டிகிரி கணக்கு அங்கே செல்லாது. அமுண்ட்சென் படுகையின் அடிநீரில் உப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு. வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அப்படியும் உறைவதில்லை. உப்புநீர் மேற்பரப்பிலேயே −1.8 டிகிரிக்குத்தான் உறையும். ஆழம் கூடக்கூட, அழுத்தத்தால் உறைநிலை இன்னும் கீழே போகும்.

இங்கே நீர் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே உறைநிலையில் இருக்கும் நீர், உப்பு குறைவு. சைபீரியாவின் பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் அதில் கலந்திருக்கிறது. அதன் கீழே வெப்பநிலை மாறாமல் உப்பு மட்டும் வேகமாக ஏறும் ஒரு அடுக்கு. அதற்கும் கீழே, சுமார் 200 முதல் 900 மீட்டர் வரை, அட்லாண்டிக்கிலிருந்து வந்த நீர். அது பூஜ்யத்துக்கு மேலே, சில இடங்களில் 2 டிகிரி வரை இருக்கும். அதன் கீழே தரைவரை மீண்டும் குளிர்நீர். இந்த வெதுவெதுப்பான அடுக்கையும் முதலில் கண்டவர் நான்சென்தான், அதே ஃபிராம் பயணத்தில்.

"நடுவுல சூடான தண்ணி இருந்தா பனி ஏன் உருகல?"

கேட்டவர் ஒரு தச்சர். நல்ல கேள்வி. உருக்க வேண்டுமானால் சூடு மேலே வர வேண்டும். அட்லாண்டிக் நீர் சூடானாலும் உப்பு அதிகம், அதனால் கனம் அதிகம். மேலே இருப்பது குளிர்ந்தாலும் உப்பு குறைவு, அதனால் இலேசு. இவ்வளவு குளிரில் கனத்தைத் தீர்மானிப்பது வெப்பத்தைவிட உப்புதான். மேற்சொன்ன அந்த உப்பு ஏறும் அடுக்கு, பனிக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு மூடிபோல இருக்கிறது.

அந்த மூடி எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இல்லை என்பதுதான் கவலை. யுரேசியப் படுகையின் கிழக்குப் பகுதியில், குறிப்பாக நான்சென் பக்கம், அது மெலிந்து வருவதையும் அட்லாண்டிக் நீரின் சூடு முன்பைவிட அதிகமாகப் பனியை எட்டுவதையும் மிதவைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அமுண்ட்செனும் அதே கடலின் பகுதிதான்.

"வெளிச்சமே இல்லாத இடத்துல உயிர் இருக்குமா?"

இருக்கிறது. நான் படம் போட்டுக் காட்டுவது 2012-ஐ. அந்த வருட செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி, செயற்கைக்கோள் அளவீடு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கியது. அப்போது போலார்ஸ்டெர்ன் கப்பலில் இருந்த ஆன்ட்யே போய்டியுஸ் குழுவினர் கேமராவை 4,000 மீட்டருக்கும் கீழே இறக்கினார்கள். பழுப்புச் சேற்றின் மேல் அங்கங்கே பச்சை கலந்த திட்டுகள். மெலோசிரா என்ற பாசி அது. பனியின் அடிப்பக்கத்தில் ஜடை ஜடையாக, மீட்டர் நீளத்துக்குத் தொங்கும். பனி மெலிந்து உருகியதும் பிடி விட்டு, கொத்தோடு அடிக்குப் போய் விழுந்திருக்கிறது. மேலே எடுத்துவந்து சோதித்தபோது அதில் சிலவற்றுக்கு ஒளிச்சேர்க்கை செய்யும் திறன்கூடப் போயிருக்கவில்லை. அவ்வளவு வேகமாக இறங்கியிருந்தது.

அந்தத் திட்டுகளைச் சுற்றிக் கடல் அட்டைகள். ராமேசுவரம் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் அட்டையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இவை வேறு இனம், சின்னது, உடல் கண்ணாடிபோல ஊடு தெரியும். கூடவே மெல்லிய கைகள் கொண்ட நட்சத்திர மீன் வகை ஒன்றும் இருந்தது. சாதாரணமாக இரை அரிதாக விழும் இடத்தில் அவை நன்றாகச் சாப்பிட்டுப் பெருத்திருந்தன. மேலே இரண்டு மீட்டர் பனிக்கு ஏதாவது ஆனால் அது நாலு கிலோமீட்டருக்குக் கீழே எட்டும் என்பதை நான் நம்பியது அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான்.

கக்கெலை ஒட்டிய கடலடி மலை உச்சிகளில் 2016-இல் கடற்பஞ்சுகள் அடர்ந்த ஒரு தோட்டமே கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றின் வயது சராசரியாக 300 வருடங்கள். சாப்பிடுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் எப்படி வாழ்கின்றன என்று பார்த்தால், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் அந்த எரிமலை உச்சியில் வாழ்ந்து மடிந்த குழாய்ப்புழுக்களின் மிச்சத்தைத் துணை நுண்ணுயிர்களின் உதவியோடு தின்று வாழ்கின்றன.

"நாங்க மாட்டுக்குப் போடுற அசோலா வடதுருவத்துல வளர்ந்துச்சாமே, நெசமா?"

நிஜம். 2004-இல் விடார் வைக்கிங், ஓடன், சோவியத்ஸ்கி சோயுஸ் என்ற மூன்று கப்பல்கள் துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில், லொமொனோசொவ் மலைத்தொடரில் துளையிட்டன. ஒரு கப்பல் துளை போட, மற்ற இரண்டும் நகர்ந்து வரும் பனியை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 400 மீட்டருக்கும் மேல் கீழே போய் எடுத்த வண்டலில் சுமார் 4 கோடியே 90 லட்சம் வருடங்களுக்கு முந்தைய அடுக்கில் அசோலாவின் எச்சங்கள் ஏராளமாக இருந்தன.

தார்ப்பாய் விரித்த தொட்டியில் தண்ணீர் விட்டு, சாணி கரைத்து, ஒரு கை அசோலாவைத் தூவினால் சில நாளில் தொட்டி முழுவதும் பச்சையாக மூடிவிடுவதைக் கொல்லைப்புறத்தில் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த இனத்தின் உறவுக்காரச் செடிதான் அங்கே வளர்ந்தது. அன்று ஆர்க்டிக் ஏறக்குறைய முழுக்க நிலத்தால் சூழப்பட்டு, மேற்பரப்பில் நன்னீர் தங்கும் கடலாக இருந்தது. பனி இல்லை. சுமார் 8 லட்சம் வருடங்கள் அசோலா விட்டுவிட்டுப் படர்ந்திருக்கிறது. அமுண்ட்சென் படுகை அப்போது திறந்து அதிக காலம் ஆகாத குறுகலான பள்ளம்.

"துருவத்துப் பனி உருகினா நம்ம ஊரு கடல் ஏறுமா?"

இந்தக் கடல்பனி உருகுவதால் நேரடியாக ஏறாது என்றே சொல்லலாம். மிதக்கும் பனி தன் எடை அளவு நீரை ஏற்கெனவே விலக்கியிருக்கிறது. டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாததுபோல. கடலை ஏற்றுவது நிலத்தின் மேல் இருக்கும் பனி, அதாவது கிரீன்லாந்து, அண்டார்க்டிகா, மலைப் பனியாறுகள். கடல்நீர் சூடாகி விரிவதும் ஏற்றுகிறது. ஆனால் வெள்ளைப் பனி போய் அந்த இடத்தில் கருநீலத் தண்ணீர் வந்தால் வெயில் திரும்பிப் போகாமல் உள்ளே இறங்குகிறது. அது மற்றதை எல்லாம் துரிதப்படுத்தும்.

"ரஷ்யா அடியில கொடி நட்டுச்சே, அப்ப அந்த இடம் அவங்களுக்குத்தானே?"

2007 ஆகஸ்ட் 2 அன்று மீர்-1, மீர்-2 என்ற இரண்டு ஊர்திகள் துருவத்தில் இறங்கின. முதலாவதில் இருந்தவர்கள் அனத்தோலி சகலேவிச், அர்த்தூர் சிலிங்காரொவ், விளாதிமிர் குருஸ்தேவ். டைட்டேனியத்தில் செய்த ரஷ்யக் கொடியைச் சேற்றில் நட்டார்கள். அந்த ஆழத்தில் நம் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒவ்வொரு இடத்திலும் 400 கிலோவுக்கு மேல் அழுத்தும். அதைவிடப் பயம் திரும்பி வரும்போது. இறங்கிய ஓட்டை பனியோடு நகர்ந்துவிடும், அதைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் மேலே வர வேண்டும். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

கொடியால் உரிமை வராது. கடல் சட்டத்தின்படி ஒரு நாட்டுக்குக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை உண்டு. அதற்கு அப்பால் தன் கண்டத்திட்டு இயற்கையாக நீள்கிறது என்று அறிவியல் சான்றோடு காட்டினால் கடல்தரை மேல் மட்டும் உரிமை கோரலாம். அதனால்தான் சண்டை லொமொனோசொவைச் சுற்றி நடக்கிறது. அது கண்டத்தின் துண்டு என்று மேலே பார்த்தோம். யாருடைய கண்டத்தின் நீட்சி என்பதுதான் கேள்வி. ரஷ்யா 2001-இலும் திருத்தி 2015-இலும், கிரீன்லாந்துக்காக டென்மார்க் 2014-இலும், கனடா 2019-இலும் ஐ.நா.வின் ஆணையத்திடம் கோரிக்கை கொடுத்திருக்கின்றன. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படுகின்றன. ஆணையம் அறிவியலைத்தான் சரிபார்க்கும். எல்லைக்கோட்டை நாடுகளே பேசித் தீர்க்க வேண்டும். மேலே இருக்கும் தண்ணீரும் பனியும் எப்படியும் யாருக்கும் சொந்தமில்லை.

"பனி போயிட்டா அங்க போய் மீன் பிடிப்பாங்களா?"

இப்போதைக்கு முடியாது. மத்திய ஆர்க்டிக்கில் வணிக மீன்பிடிப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் 2018-இல் கையெழுத்தாகி 2021 ஜூன் 25 முதல் 16 வருடங்களுக்கு அமலில் இருக்கிறது. அழிந்த பிறகு தடை போடுவதுதான் உலக வழக்கம். இங்கே பிடிக்கத் தொடங்கும் முன்பே தடை வந்திருக்கிறது. மீன்பிடி பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மகிழ்ச்சி தந்தது இதுதான்.

"இதுல நம்ம ஆளுங்க யாராவது வேலை செய்யறாங்களா?"

செய்கிறார்கள், படுகைக்குள் போகும் வழியில். ஸ்வால்பார்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. அங்கே கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்ட்ஆர்க்' என்ற நங்கூரமிட்ட கருவித்தொகுதியை இறக்கினார்கள். அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு உண்டு. மேலே சொன்ன அட்லாண்டிக் நீர் வடக்கே போகும் பாதையின் ஓரத்தில் அது இருக்கிறது. வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் தொடர்ந்து பதிவு செய்யும் வேலை அதனுடையது.

"இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கறப்ப, 2019ல ஏன் மறுபடியும் கப்பலைப் பனியில மாட்டிவிட்டாங்க?"

மொசைக் என்ற அந்தப் பயணத்தைத்தான் சொல்கிறீர்கள். 2019 அக்டோபரில் போலார்ஸ்டெர்னை ஏறக்குறைய 85 டிகிரி வடக்கில், இந்தப் படுகையின் பனித்தட்டு ஒன்றோடு கட்டி, இன்ஜினை நம்பாமல் மிதக்க விட்டார்கள். நான்செனின் அதே யோசனை. காரணம், குளிர்காலம். கோடையில் போய்க் கோடையிலேயே திரும்பும் கப்பல்களிடம் கோடையின் தகவல்தான் இருக்கும். ஆறு மாத இருட்டில் பனி எப்படித் தடிக்கிறது, நீர் எப்படிக் கலக்கிறது, மீன் இருக்கிறதா என்பதை அங்கேயே தங்கித்தான் பார்க்க முடியும்.

20 நாடுகள் சேர்ந்த அந்த முயற்சியில் பனித்தட்டு அடுத்த ஜூலை முடிவில் ஃபிராம் நீரிணை அருகே உடைந்து போனது. அப்புறம் கப்பல் வடக்கே திரும்பி, ஆகஸ்ட் 19 அன்று துருவத்தை அடைந்தது. மெலிந்த, ஓட்டை விழுந்த பனிக்கு நடுவே எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகப் போக முடிந்தது என்று பயணத் தலைவர் மார்க்குஸ் ரெக்ஸ் சொன்னார். நல்ல செய்திபோல ஒலிக்கும். அல்ல.

"அடியில இருக்கற தண்ணி எப்பவாவது வெளிய வருமா, இல்ல அங்கேயே கிடக்குமா?"

வெளியே வருகிறது, ஆனால் அவசரப்படாமல். ஆர்க்டிக்கின் ஆழத்துக்கு ஒரே ஒரு பெரிய வாசல்தான், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலான ஃபிராம் நீரிணை. அதன் வாசற்படியே சுமார் 2,600 மீட்டரில் இருக்கிறது. பசிபிக் பக்கம் பெரிங் நீரிணை சுமார் 50 மீட்டர்தான், அது ஆழ்நீருக்கு வாசலே இல்லை. ஆகவே 2,600 மீட்டருக்குக் கீழே இருக்கும் நீர், தொட்டியின் அடியில் தங்கியது போல. புதிதாக உப்பும் கனமும் கூடிய நீர் திட்டுகளின் ஓரம் வழியாகச் சரிந்து இறங்கும்போது, பழையது கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்பட்டு நீரிணை வழியாக வெளியேறும்.

நீரில் கரைந்திருக்கும் கதிரியக்கக் கார்பனையும் மற்ற தடயங்களையும் வைத்து யுரேசியப் படுகையின் அடிநீர் கடைசியாக மேற்பரப்பில் இருந்து சுமார் 250 வருடங்கள் ஆகின்றன என்று கணித்திருக்கிறார்கள். அப்படியானால் நான்செனின் ஆட்கள் திரித்த எஃகு வடம் 1890-களில் இறங்கித் தொட்ட நீரில் பெரும்பகுதி இன்னும் ஆர்க்டிக்கின் ஆழத்தை விட்டு வெளியேறவில்லை.